இழுவைமடியும் தமிழகக் கடலும்: எழுபது ஆண்டு வரலாறு

இந்தியக் கடல்மீன்பிடித் தொழிலின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் வளர்ச்சியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தை அடுத்து ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் டன்னாக இருந்த கடல்மீன் வரத்து, 2012ஆம் ஆண்டில் 39 லட்சம் டன்னைத் தாண்டியது என்பதே அந்த வரலாற்றின் தலையாய சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்த உச்சத்தை இந்தியக் கடற்கரை அதன்பின் எட்டவில்லை. படகுகளின் நீளமும் இயந்திரங்களின் திறனும் கடலில் தங்கும் நாள்களும் கூடிக்கொண்டே சென்ற பிறகும், 2023இல் கரைக்கு வந்த மீன் சுமார் 35 லட்சம் டன் அளவிலேயே நின்றது. இந்தத் தேக்கம் திடீரென நேர்ந்ததன்று. அதன் வேர்கள் 1950களில் எடுக்கப்பட்ட சில முடிவுகளில் இருக்கின்றன. அந்த முடிவுகள் வேர்விட்டு வளர்ந்த விதத்தையும், அவற்றின் விளைவுகளைத் தடுக்க வந்த விதிகள் ஏன் போதாமற் போயின என்பதையும் அறிவதற்குத் தமிழகக் கடற்கரையைப் போல் தெளிவான களம் வேறில்லை. எந்த இடத்தில் பிடிக்கலாம், எந்த நாளில் பிடிக்கலாம் என்பதைப் பற்றி இக்கடற்கரையில் ஏராளமான விதிகள் உண்டு. ஆனால் மொத்தம் எத்தனை படகுகள், எவ்வளவு திறனோடு, எவ்வளவு பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதி நடைமுறையில் நிலைபெறவில்லை. அந்த இல்லாமையின் வரலாறே இங்கே விவரிக்கப்படுகிறது.

இயந்திரத்துக்கு முந்தைய கடல்

பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கெல்லை வரை 1,076 கிலோமீட்டர் நீளும் தமிழகக் கடற்கரை ஒரே தன்மையுடையதன்று. வடக்கே அலை ஓங்கி அடிக்கும் சோழமண்டலக் கரை. நடுவே பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடைய, குளம்போல் அமைந்த பாக் நீரிணைப் பகுதி. தெற்கே பவளப்பாறைகளும் முத்துச்சிப்பிப் படுகைகளும் கொண்ட மன்னார் வளைகுடா. அதற்கப்பால் அரபிக்கடலை நோக்கிய குமரி மேற்குக்கரை. சோழமண்டலக் கரையில் பட்டினவரும், மன்னார் வளைகுடாவில் பரதவரும், குமரிக் கரையில் முக்குவரும், பாக் நீரிணைக் கரையில் கடையர், முஸ்லிம் மீனவர் உள்ளிட்ட பல சமூகத்தாரும் தத்தம் கடலின் இயல்புக்கேற்ற கலங்களையும் வலைகளையும் தலைமுறைகளாக வளர்த்தெடுத்தனர். இலேசான மரங்களைப் பிணைத்துச் செய்யப்படும் கட்டுமரம், அலையின்மேல் ஏறிக் கடக்கவும் மணற்கரையில் இழுத்தேற்றவும் ஏற்றது என்பதால் அலை மிகுந்த கரைகளில் நிலைபெற்றது. அமைதியான நீர்ப்பரப்பில் வள்ளமும் தோணியும் வழங்கின.

வலைகளும் அவ்வாறே பலவகைப்பட்டன. மீன் செல்லும் வழியில் சுவர்போல் நிறுத்தப்பட்டு, கண்ணியில் தலையை நுழைக்கும் மீனைச் செவுளில் பிடிக்கும் வழிவலை, தன் கண்ணியளவுக்கு ஏற்ற மீனையே பிடித்தது. சிறியது நழுவியது, மிகப் பெரியது சிக்கவில்லை. கரைவலை எனப்படும் நீண்ட இழுவலையோ கடலில் வளைத்து விடப்பட்டுக் கரையில் நிற்கும் இரு வரிசை ஆள்களால் இழுக்கப்பட்டது. அது சிறுமீனையும் சேர்த்தே வாரியது என்றாலும், மனித உழைப்பும் கரையின் அமைப்பும் அதன் பயன்பாட்டுக்கு எல்லை வகுத்தன.

கடல் யாருக்கும் உரிமையற்ற திறந்தவெளியாக அக்காலத்தில் இருந்ததில்லை. பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் இன்றளவும் போற்றிவரும் பாடு முறை இதற்குச் சான்றாகும். பாடு என்பது மீன்பிடிக்கும் இடத்தையும், அங்கே வலை விரிக்கும் முறையுரிமையையும் ஒருங்கே குறிக்கும் ஏற்பாடு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைக் குலுக்கல் முறையில் பங்கிட்டு, சுழற்சியாக எல்லாக் குழுக்களுக்கும் வாய்ப்புத் தருவதன் மூலம், நல்ல இடம் ஒருவருக்கே உரியதாகிவிடாமல் அது காத்தது. சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளை விரிவாக ஆராய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க், அப்பஞ்சாயத்துகள் புதிய வலைகளைத் தடை செய்யும்போது, அந்த வலை மீன்வளத்தைக் கெடுக்குமா, பிறர் தொழிலுக்கு ஊறு செய்யுமா, ஊர் ஒற்றுமையைக் குலைக்குமா என்ற வினாக்களையே அளவுகோலாகக் கொண்டன என்று காட்டியிருக்கிறார். இந்த ஏற்பாடுகளைப் பொற்காலமாகப் போற்றிவிட இயலாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை, உரிமை பிறப்பாலும் சாதியாலும் தீர்மானிக்கப்பட்டது, வணிகரிடம் வாங்கிய முன்பணத்தால் மீனவரின் பிடிப்புக்கு உரிய விலையும் கிடைக்கவில்லை. ஆயினும், தொழிலின் அளவுக்கு ஊரே வரம்பு விதிக்கலாம் என்னும் கருத்து இக்கரையில் வேரூன்றியிருந்தது என்பதை மறுக்க முடியாது.

அரசின் முதல் பார்வை

மீன்வளத்தை அரசின் கவனத்துக்குரிய துறையாக மாற்றியவர் சென்னை மாகாணத்தின் மூத்த அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி 1890களில் அவர் எழுதிய அறிக்கை இந்தியக் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்டது; அதே மனிதர் ஜப்பானின் மீன்பிடித் தொழிலை நேரில் கண்டுவந்து, 1907இல் உருவான சென்னை மீன்வளப் பணியகத்துக்கு வழிகாட்டினார். அவருடைய அணுகுமுறை, கடலில் ஏற்கெனவே தொழில் செய்யும் மீனவரை முன்வைத்து, உப்பிடுதல், உலர்த்துதல், பதப்படுத்துதல், கடன், கல்வி ஆகியவற்றைப் படிப்படியாகச் சீர்செய்வதாக இருந்தது. அவருக்குப் பின் அத்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், சங்கு, முத்துக்குளித்தல், இந்தியக் கலங்களின் அமைப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதிய ஆய்வுகள் இன்றும் மூல ஆவணங்களாக மதிக்கப்படுகின்றன.

அதே காலத்தில் வேறொரு பாதையும் சோதிக்கப்பட்டது. கடலடியில் வலையை இழுத்துச் செல்லும் நீராவிக் கப்பல்கள் ஐரோப்பாவின் வடகடலில் பெரும் பிடிப்பைத் தந்துகொண்டிருந்ததால், வங்காள விரிகுடாவிலும் அவை பயன்படுமா என்பதை அறிய 1908–09இல் ‘கோல்டன் கிரௌன்’ என்னும் கப்பலும், 1920களின் பிற்பகுதியில் சென்னை அரசின் ‘லேடி கோஷன்’ கப்பலும் ஆய்வில் ஈடுபடுத்தப்பட்டன. அந்த முயற்சிகள் வணிகத் தொழிலாக வளரவில்லை. பிடிபட்டதைக் கெடாமல் சந்தைக்குக் கொண்டுசெல்லப் போதிய பனிக்கட்டியோ குளிர்பதன வசதியோ, அதற்கு விலை கொடுக்கும் பெருஞ்சந்தையோ இல்லாத காலத்தில் பெருங்கப்பலுக்கு இடமிருக்கவில்லை.

நார்வேயும் இறாலும்

சந்தையும் குளிர்பதனமும் 1950களில் வந்தன. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய முத்தரப்பும் 1952 அக்டோபரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அடுத்த ஆண்டில் கேரளத்துக் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ச்சி உதவி என்னும் கருத்து உருவானபோது தோன்றிய முதல் திட்டங்களுள் அதுவும் ஒன்று. மீனவர் குடும்பங்களின் வருவாயையும் உடல்நலத்தையும் உயர்த்துவதும், உள்ளூர் மக்களுக்கு நல்ல மீனைக் கிடைக்கச் செய்வதும், குடிநீரும் மருத்துவமும் தருவதும் அதன் தொடக்க நோக்கங்களாக இருந்தன. சிறிய இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்துவது அந்த நோக்கங்களுக்கான கருவியாகவே கருதப்பட்டது.

திட்டத்தின் போக்கை மாற்றியது இறால். அதுவரை கேரளக் கரையில் பெரும்பாலும் உலர்த்திக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட இறாலை உறையவைத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் தொழில் 1950களில் கொச்சியில் தொடங்கியதும், கடலடியில் வாழும் அந்த உயிரினத்தைப் பிடிக்கச் சிறு இழுவைப்படகே சிறந்தது என்பது விரைவில் தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் இந்திய-நார்வே திட்டத்தின் தலைமையிடம் கொல்லத்திலிருந்து கொச்சிக்கு மாறியது. மீனவர் நலத்திலிருந்து ஏற்றுமதிக்குத் திட்டத்தின் நாட்டம் நகர்ந்ததை இந்த இடமாற்றம் வெளிப்படுத்தியது. அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த ஒன்றிய அரசுக்கு இறால் பெரும் வாய்ப்பாகத் தோன்றியது. 1972இல் கடல்சார் பொருள்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் கொச்சியில் அமைக்கப்பட்டது. கேரளத்தின் இந்த மாற்றத்தை ஆராய்ந்த பொருளியலாளர் ஜான் குரியன், மீனவரை மையமாகக் கொண்ட திட்டம் எவ்வாறு முதலீட்டாளரின் வாய்ப்பாக மாறியது என்பதை 1980களிலேயே விரிவாக எழுதினார்.

தமிழகமும் அதே பாதையில் நடந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களின் வழியே மீனவ இளைஞர்களுக்கு இயந்திரப் படகு ஓட்டும் பயிற்சியும், கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக மானியத்தில் படகுகளும் தரப்பட்டன. சென்னைக் காசிமேடு, நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி ஆகியவை விசைப்படகுத் துறைமுகங்களாக வளர்ந்தன. விசைப்படகு என்பது உட்புறத்தே இயந்திரம் பொருத்தப்பட்ட படகு. தமிழகத்தில் அச்சொல் பெரும்பாலும் இழுவைமடி போடும் படகையே குறிக்கலாயிற்று. கட்டுமரம் எந்த மணற்கரையிலும் ஏறும், விசைப்படகுக்கோ துறைமுகம் வேண்டும். ஆதலால் ஊர்தோறும் கரையில் நடந்த மீன் ஏலம் துறைமுகங்களை நோக்கி நகர்ந்தது, கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண்களின் தொழிலுக்கும் அது பெரும் இடராயிற்று. நைலான் வலைகள் பரவியபோது பருத்தி நூலில் கையால் வலை பின்னும் தொழிலும் மெல்ல மறைந்தது.

மடிக்குள் விழுந்தவை

இழுவைமடியின் இயக்கத்தை விளக்காமல் அதன் விளைவை உணர முடியாது. அது கூம்பு வடிவில் அமைந்த பெரிய பைவலை. வாய்ப்பகுதியின் இரு பக்கமும் கட்டப்படும் கனமான பலகைகள், படகு முன்னேறும்போது நீரின் எதிர்ப்பால் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு, வலையின் வாயை அகலத் திறந்து வைக்கின்றன. வாயின் மேல்விளிம்பில் மிதவைகளும், கீழ்விளிம்பில் ஈயக்குண்டும் இரும்புச் சங்கிலியும் கோக்கப்பட்டிருக்கும். சங்கிலி தரையை உரசிச் செல்ல, சேற்றுக்குள் புதைந்திருக்கும் இறால் துள்ளி எழுந்து வலைக்குள் சென்று, கண்ணி மிகச் சிறியதான கடைசிப் பகுதியாகிய மடியில் சேர்கிறது. சில மணிநேர இழுவைக்குப் பின் மடியின் அடிக்கயிற்றை அவிழ்த்துப் படகின் தளத்தில் கொட்டினால், இறாலும் கணவாயும் நண்டும் தனித்தனியே பொறுக்கி எடுக்கப்பட்ட பிறகும் பெருங்குவியல் எஞ்சி நிற்கும். காரல் குஞ்சுகள், விரல் நீளம்கூட வளராத விளமீனும் சங்கராவும், நட்சத்திர மீன், சிப்பி, கடற்பாசி, உடைந்த பவளத் துண்டுகள் அதில் கலந்திருக்கும். இராமநாதபுரம் கரையில் சங்காயம் என்று வழங்கப்படும் இக்குவியல் முன்னாளில் பெரும்பாலும் கடலிலேயே தள்ளப்பட்டது. கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் தேவை பெருகியபின் சங்காயமும் விலைபோகத் தொடங்கியது. இறால் குறைந்த நாளிலும் குஞ்சுமீனை விற்று எரிபொருள் செலவை ஓரளவு ஈடுகட்டலாம் என்ற நிலை வந்ததும், கடலின் நாளைய மீன் இன்றைய செலவுக்குக் கரையத் தொடங்கியது.

இறால் அதிகம் கிடைப்பது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில். கட்டுமரமும் வள்ளமும் தொழில் செய்ததும் அங்கேதான். இரவில் விரித்துவைத்த வழிவலைகளை விசைப்படகுகள் அறுத்துச் செல்வதும், அதன்பின் படகுகள் எரிக்கப்படுவதும், உயிர்கள் போவதும் 1970களில் நாட்டின் பல கரைகளில் நிகழ்ந்தன. கோவாவில் ராம்பண் எனப்படும் கரைவலை மீனவர்கள் பெரும் போராட்டத்தில் இறங்கினர். 1978இல் சென்னையில் கட்டுமர மீனவருக்கும் விசைப்படகுத் தரப்பினருக்கும் இடையே கடும் மோதல் மூண்டது. அதே ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களைச் சேர்ந்த நாட்டுப்படகு மீனவர் அமைப்புகள் ஒன்றுகூடித் தேசிய அளவில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தன. ஒன்றிய அரசு 1976இல் அமைத்த மஜும்தார் குழு மீன்பிடிப் பகுதிகளைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. கேரளமும் கோவாவும் 1980இல் சட்டம் இயற்றின. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது.

அச்சட்டத்தின் சாரம் பங்கீடு என்பதாகும். கரையிலிருந்து மூன்று கடல்மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர், நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகு அதற்கு அப்பால் செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒடுங்கிய பாக் நீரிணையில் இந்த இடப்பங்கீடு போதாது என்பதால் அங்கே நாள்பங்கீடும் நடைமுறையானது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று வகுக்கப்பட்டது. மோதலைத் தணிக்க இப்பங்கீடு உதவியது என்பது உண்மை. ஆனால் மூன்று கடல்மைலுக்கு அப்பால் எத்தனை படகுகள், எவ்வளவு குதிரைத்திறனோடு போகலாம் என்ற வினாவை அது தொடவில்லை. ஒரு கையால் எல்லைக்கோடு வரைந்த அரசு, மறு கையால் புதிய படகுகளுக்கு மானியத்தையும் எரிபொருளுக்கு வரிச்சலுகையையும் வழங்கிக்கொண்டே இருந்தது. 2010ஆம் ஆண்டின் கடல்மீனவர் கணக்கெடுப்பு இந்தியாவில் 72 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைப்படகுகளைக் காட்டியது. அவற்றில் ஏறக்குறையப் பாதி இழுவைப்படகுகள்.

எல்லைக்கோட்டின் இருபுறம்

இந்தக் குறைபாட்டின் மிகக் கசப்பான விளைவு பாக் நீரிணையில் வெளிப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்துகொண்ட உடன்படிக்கை அந்த நீர்ப்பரப்பில் கடல் எல்லையை வகுத்து, கச்சத்தீவை இலங்கையின் பக்கத்தில் வைத்தது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை நீட்டிக்கப்பட்டதோடு, இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டின் கடலில் மீன்பிடிப்பதை விலக்கின. இருகரைத் தமிழ் மீனவரும் தலைமுறைகளாகக் கலந்து தொழில் செய்த கடலில் வரையப்பட்ட அந்தக் கோடு, மீனவரைக் கலந்து பேசி வரையப்பட்டதன்று. இந்தியக் கரைக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே எஞ்சிய குறுகிய நீர்ப்பரப்பில், கரையோரப் பகுதி நாட்டுப்படகுக்கு விடப்பட்டபின், பெருகிவிட்ட விசைப்படகுகளுக்கு இடம் போதவில்லை.

இலங்கையில் 1983இல் போர் மூண்டபின் வடமாகாண மீனவர் கடலுக்குச் செல்வதே தடைகளுக்கும் உயிராபத்துக்கும் உட்பட்டது. அவர்கள் இழந்த கடலில் இராமேசுவரம் முதலிய துறைமுகங்களின் படகுகள் தொழில் செய்தன. அங்கே கிடைத்த பிடிப்பை நம்பியே மேலும் படகுகள் கட்டப்பட்டன. இந்தக் காலத்தில் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்குத் தமிழக மீனவர் பலர் பலியாயினர். அந்த இழப்பின் துயரம் தமிழகக் கடற்கரை ஊர்களில் இன்றும் ஆறாமல் இருக்கிறது. போர் 2009இல் முடிவுற்று, யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மீனவர் கடனுக்கு வலை வாங்கி மீண்டும் கடலில் இறங்கியபோது, அவர்கள் கண்டது இழுவைமடி வாரிச் செல்லும் கடலை. இழுவைப்படகுகள் வரும் நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், அந்த இரவுகளில் வலை விரிக்காமல் கரையில் இருந்துவிடுவதை அவர்களில் பலர் வழக்கமாக்கிக்கொண்டனர். விரித்தால் வலை அறுபடும், வலை போனால் கடன் மட்டுமே மிஞ்சும். ஒரே மொழி பேசி, ஒரே கோயில் திருவிழாக்களைக் கொண்டாடி, மணவுறவும் கொண்டிருந்த இரு கரையாரை எதிரெதிரே நிறுத்தியது எல்லைக்கோடு மட்டுமன்று. இரு கரைக்கும் இடையே ஏற்பட்டுவிட்ட கருவி வேறுபாடும் ஆகும்.

இரு தரப்பு மீனவர் பேச்சுகளில் இவ்வுண்மை வெளிப்படையாகவே ஏற்கப்பட்டது. இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்னும் கருத்து 2010இல் நடந்த பேச்சிலேயே இடம்பெற்றது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் பேச்சுகள் தொடர்ந்தன. இலங்கை 2017 ஜூலையில் சட்டத்திருத்தத்தின் மூலம் தன் கடலில் இழுவைமடியை முற்றாகத் தடை செய்தது. அதே ஆண்டில் இந்திய அரசும் தமிழக அரசும், பாக் நீரிணையின் 2,000 இழுவைப்படகுகளை மூன்றாண்டுகளில் விலக்கி, சூரை எனப்படும் டியூனாவை ஆழ்கடலில் நீண்ட தூண்டில் கயிற்றால் பிடிக்கும் படகுகளை மாற்றாகத் தரும் திட்டத்தை அறிவித்தன. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டு, அதில் எழுபது விழுக்காடு மானியம் என்று முடிவு செய்யப்பட்டது. எண்ணிக்கையைக் குறைக்க அரசு முன்வந்த அரிய முயற்சி என்ற வகையில் இத்திட்டம் வரலாற்றில் இடம்பெறத் தக்கது. ஆனால் எட்டப்பட்டது இலக்கின் மிகச் சிறு பகுதியே. ஓரிரவில் சென்று திரும்பும் தொழிலுக்குப் பழகியவர் பல நாள் ஆழ்கடலில் தங்க வேண்டியிருந்ததும், வேறு திறனும் வேறு சந்தையும் தேவைப்பட்டதும், எஞ்சிய கடனே பெருஞ்சுமையாக இருந்ததும் அதற்குக் காரணங்கள். படகில் பங்குக்கு வேலை செய்யும் கூலி மீனவருக்கு அத்திட்டத்தில் தனி இடம் ஏதும் இருக்கவில்லை என்பது மேலும் பெரிய குறை.

கணக்கு காட்டுவதும் மறைப்பதும்

மீன் இனப்பெருக்கக் காலத்தைக் காக்கும் நோக்கில் தமிழகத்தின் கிழக்குக் கரையில் 2001 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2017இல் அது 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. இதற்கு முன்பே, 1988இல், கேரளம் பருவமழைக் கால இழுவைத் தடையைத் தொடங்கியிருந்தது. இத்தடை கடலுக்கு ஓய்வு தருகிறது என்பதை மீனவரும் பெரும்பாலும் ஏற்கின்றனர். ஆனால் வெப்பமண்டலக் கடலில் ஒவ்வோர் இனமும் வெவ்வேறு மாதங்களில், சில இனங்கள் ஆண்டு முழுவதுமே, முட்டையிடுகின்றன. தடை முடிந்த மறுநாளில் எல்லாப் படகுகளும் ஒருசேரக் கடலில் இறங்கும்போது, ஓய்வில் தழைத்த குஞ்சுகளே முதலில் மடிக்குள் விழுகின்றன. நாள்களுக்கு வரம்பிட்ட விதி, படகுகளின் மொத்தத் திறனுக்கு வரம்பிடாததால், இழந்த நாள்களைப் பெரிய இயந்திரத்தால் மீட்டுக்கொள்வது எளிதாயிற்று.

தொழிலின் நலத்தைக் காட்ட மொத்த டன் கணக்கே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. 1947இல் தோன்றி, மண்டபத்தில் வளர்ந்து, 1971 முதல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், இந்தியக் கடற்கரை முழுவதும் மீன் வரத்தைத் தொடர்ந்து மதிப்பிட்டு வருகிறது. உலகின் வெப்பமண்டல நாடுகளில் இத்தகைய நீண்ட பதிவுகள் அரியவை. 2022ஆம் ஆண்டுக்கான அந்நிறுவனத்தின் மதிப்பீடு, ஆராயப்பட்ட 135 மீன் கூட்டங்களில் 91 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாகக் கூறியது. இந்தியக் கடல் அழிந்துவிட்டது என்ற கூற்றுக்கு இது தக்க மறுப்பு. சிறுகாலத்தில் வளர்ந்து பெருகும் இனங்கள் மிகுந்த வெப்பமண்டலக் கடலுக்கு மீளும் ஆற்றல் அதிகம் என்பதையும் இது உணர்த்துகிறது. ஆயினும், இன்றைய நிலையை எந்தக் காலத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது அடிப்படையான வினா. ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழில் தொடங்கிய நாளின் கடலையே இயல்பான கடலாகக் கொள்வதால், நெடுங்கால இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் சுட்டிக்காட்டினார். பால்சுறாவும் வேளாவும் பெரிய கலவாவும் வலை நிறைய வந்த காலத்தை அறியாத இளைஞருக்கு, காரலும் கணவாயும் நிறைந்த படகு வளத்தின் அடையாளமாகவே தோன்றும். பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளில் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு, கண்ணில் படுவதே அரிதாகிவிட்ட நிலையில், தமிழக அரசு 2022இல் அங்கே 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் இந்த இழப்பின் அளவையே காட்டுகிறது.

நல்ல நிலை என்று கருதப்படும் கூட்டமும் எவ்வளவு விரைவாகச் சரியலாம் என்பதற்குக் கேரளத்தின் மத்தி எடுத்துக்காட்டாகும். தமிழகத்தில் சாளை என்றும் வழங்கும் எண்ணெய்ச்சத்து மிகுந்த அம்மீன், 2012இல் கேரளத்தில் ஏறக்குறைய நான்கு லட்சம் டன் கிடைத்தது. 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. கடல்நீரின் வெப்பமும் மழைப் போக்கும் இதில் பெரும்பங்கு வகித்தன என்றாலும், இளமத்தியை வளைவலைகளால் அளவின்றி அள்ளியது சரிவை ஆழப்படுத்தியது. இச்சரிவின் இடையிலேயே கேரளம் பாடம் கற்றது. குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்னும் விதியை 2015இல் 14 இனங்களுக்கும், பின்னர் 58 இனங்களுக்கும் கொண்டுவந்தது. பிடிப்பின் இடத்தையும் நாளையும் கடந்து, பிடிபடும் மீனின் அளவையே நோக்கிய விதி என்பதால் இது ஒரு திருப்பம்.

வரலாறு காட்டும் வழி

எழுபது ஆண்டுகளின் இவ்வரலாற்றில் தீய நோக்கத்தோடு செயல்பட்டதாக எவரையும் குற்றவாளியாக நிறுத்த வேண்டியதில்லை. வறுமையில் உழன்ற கடற்கரைக்குக் கல்வீடும் கல்லூரிப் படிப்பும் வந்ததில் இறாலுக்குப் பெரும் பங்குண்டு. இன்றைய விசைப்படகு உரிமையாளர் பலரின் தாத்தாக்கள் கட்டுமரத்தில் தொழில் செய்தவர்களே, அரசு கொடுத்த ஊக்கத்தை நம்பிக் கடன் பட்டவர்களே. ஆகவே, அரசு உருவாக்கிய மிகைத்திறனைக் குறைக்கும் செலவையும் அரசே ஏற்பது நீதி. படகு உரிமங்களின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு கடற்பகுதியிலும் உச்சவரம்பு வைப்பதும், விலக விரும்பும் இழுவைப்படகை அரசே வாங்கிக்கொள்வதும், அதில் பங்குக்கு உழைத்தவருக்கும் மாற்றுத் தொழிலுக்கு வழி செய்வதும், குஞ்சுமீன் தூளாகப் போவதைச் சந்தையிலேயே தடுப்பதும், எரிபொருள் சலுகையைக் கண்ணியளவோடும் கருவியோடும் பிணைப்பதும் இனிமேலும் தள்ளிப்போட முடியாத கடமைகள்.

அவற்றைச் செயற்படுத்தத் துறையலுவலகங்களால் மட்டும் இயலாது. எந்த வலை தன் கடலைக் கெடுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பழக்கம் இக்கரையின் ஊர்களுக்கு உண்டு. பெண்களும் கூலி மீனவரும் சம உரிமையோடு இடம்பெறும் வகையில் சீர்திருத்தப்பட்ட ஊர் அமைப்புகளுக்குச் சட்டப்படியான அதிகாரம் தரப்பட்டால், கடலில் நடப்பதை அவற்றைப்போல் அறிந்த காவல் வேறில்லை. பாக் நீரிணையில் அத்தகைய அமைப்பு இருகரை மீனவரையும் உள்ளடக்கியதாகவே இருக்க முடியும், ஏனெனில் மீன் எல்லைக்கோட்டை அறிவதில்லை, ஒரு கரையின் அழிவு மறுகரையையும் வந்தடைகிறது. கடலை இடத்தாலும் நாளாலும் பங்கிட்டுப் பார்த்த காலம் முடிந்துவிட்டது. எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதைக் கடலோடு வாழ்பவரும் அரசும் சேர்ந்து முடிவு செய்யாத வரையில், தமிழகக் கடற்கரையில் அடுத்த தலைமுறைக்கு மீன்பிடித் தொழில் என்று ஒன்று எஞ்சும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.